பெரிய சிலுவையிலிருந்து ஒரு மெழுகுவத்தி

1

மெழுகுவத்தி எவ்வளவு சூட்டில் வளையும்? போன நவம்பரில் இந்தக் கேள்வியோடுதான் ஒரு வாரம் படுத்து எழுந்தேன். சிங்கப்பூரிலிருந்து பாங்காக் போகும் விமானத்தில் அதைப் பெட்டிக்குள் போடுவதா, கைப்பையில் வைப்பதா? பாதி எரிந்த மெழுகுவத்தியை ஸ்கேனரில் பார்த்தால் என்னவென்று நினைப்பார்கள்? தனியாகக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தால் என் இங்கிலீஷ் தாங்குமா? மனைவி செலினிடம் சொன்னேன்.

"கேண்டில்னு சொல்லுங்க. அதுக்கு மேல என்ன இங்கிலீஷ் வேணும்?" என்றாள்.

நான் பயப்படுகிற ஆள். மறைக்க ஒன்றுமில்லை, அதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை ஊர் எங்களுடையது. தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று விட்டு முடித்த பிறகும் நாங்கள் வாய்க்காலில் இறங்கிக் காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். வருமா, வராதா? வந்தாலும் முழங்கால் வருமா, கணுக்கால்தானா? அந்தப் பழக்கம் உடம்பிலேயே தங்கிவிட்டது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வெல்டிங் கற்றுக்கொண்டு, சிங்கப்பூரில் கப்பல் கட்டும் யார்டுக்கு வந்து சேர்ந்தேன். வெல்டிங்கில் நான் சுமார்தான். ஆனால் எது விழும், எது வெடிக்கும், யார் எங்கே வழுக்குவான் என்று முன்கூட்டியே கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அதைக் கவனித்த சூப்பர்வைசர் ஒருவர் என்னைப் பாதுகாப்புப் பிரிவில் போட்டார். இருபது வருஷமாக அதிலேயே இருக்கிறேன்.

கப்பலில் தீப்பொறி பறக்கிற எந்த வேலைக்கும் 'ஹாட் ஒர்க்' என்று பெயர். இடத்தைப் பார்த்து நான் அனுமதி கொடுத்தால்தான் யாரும் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்கலாம். பக்கத்தில் ஒரு ஆள் தீயணைப்பானோடு காவல் நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது கனிந்துகொண்டிருக்கலாம். அரை மணி கழித்து அவர் 'ஆல் கிளியர்' என்று குரல் கொடுத்தால்தான் கதவைப் பூட்டுவோம். எத்தனையோ பேர் சாப்பாட்டு நேரமாச்சு, பஸ் போய்விடும் என்று கெஞ்சியிருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தை நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் அப்பா நெருப்பு வைக்கிற வேலையை ஒப்படைத்தார்.

2

ஊரில் இருப்பவர்களுக்குக் கல்லறைத் திருநாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பர் இரண்டு, இறந்தவர்களுக்காக எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் நாள். முந்தின வாரமே மண்வெட்டியோடு போய்க் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். அன்று சாயங்காலம் பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தியோடு ஊரே அங்கே இருக்கும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு கல்லறையாக வருவார். அவரவர் ஆட்களோடு அவரவர் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் உருகின மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்து விளையாடும்.

கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. அது கல்லறை இல்லாதவர்களுக்கு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், எங்கேயோ போன இடத்தில் புதைக்கப்பட்டவர்கள், இவர்களுடைய ஆட்கள் பெரிய சிலுவையின் அடியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா முதலில் அங்கேதான் போவார். பிறகுதான் தன் அம்மாவின் கல்லறைக்கு வருவார்.

அப்பாவின் அப்பா சவரிமுத்து. அப்பா தொட்டிலில் கிடக்கும்போது மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார். சண்டை வந்தது. ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் போட வேண்டும் என்று தோட்டத்து ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். சண்டை முடிந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: "காலராவுல போய்ட்டாரு. சயாம் காட்டுக்குள்ள. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவுல ரயிலு." தகப்பனைப் பற்றி அப்பாவிடம் இருப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

சின்ன வயதில் பெரிய சிலுவையிடம் நிற்கும்போது முதுகெல்லாம் கூசும் என்று, ஊரில் தன்னோடு இருக்கும் என் அக்கா லூர்துவிடம் அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். "அங்க நிக்கிறவன பாத்தா எல்லாருக்கும் தெரியும், இவன் வீட்டு ஆளு எங்க கெடக்குறான்னு இவனுக்கே தெரியாதுன்னு." எண்பது தாண்டியும் அந்தக் கூச்சம் போகவில்லை.

எங்கள் மகள் ஜெனிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் பாங்காக் போகலாம் என்று செலின் டிக்கெட் எடுத்திருந்தாள். போனில் அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

"பாங்காக்குன்னா சயாம் தானேடா?"

"இப்ப தாய்லாந்துப்பா."

"பேரு என்னமோ மாறட்டும். மலையும் ஆறும் அங்கதானே இருக்கும்?"

இரண்டு வாரம் கழித்து, ஊருக்கு லீவில் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வாழைச்சருகில் சுற்றி, நூல் கட்டி, உள்ளே பாதி எரிந்த ஒரு தடித்த மெழுகுவத்தி. அன்றைக்குச் சாயங்காலமே அப்பா கூப்பிட்டார்.

"பெரிய சிலுவையில ஏத்தி, சாமியார் மந்திரிச்சு, பாதி எரிஞ்சதும் நானே அணைச்சேன். மீதி அவரு கெடக்குற எடத்துல எரியணும்."

"நவம்பர் ரெண்டுதான் முடிஞ்சுபோச்சேப்பா."

"மாசம் பூரா ஆத்துமாக்கள் மாசம்தானடா. எடத்தப் பாத்து ஏத்து. கண்ட எடத்துல ஏத்திப்புட்டு வந்து ஏத்திட்டேன்னு சொல்லாத." கொஞ்சம் மூச்சு வாங்கினார். அந்தச் சித்திரையில்தான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தார். "அடுத்த வருஷம் நான் ஏத்துற ஆளா இருப்பேனோ, எனக்கு நீங்க ஏத்துவீங்களோ. இந்த வருஷமே முடிச்சிரு."

3

பாங்காக் விமான நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும் இரண்டு வரிசையில் நின்றோம். செலினும் ஜெனியும் சிவப்பு சிங்கப்பூர் பாஸ்போர்ட். நான் இன்னும் நீல இந்திய பாஸ்போர்ட். மாற்றலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசிக்கிறேன். அவர்கள் வெளியே போய்ப் பெட்டிகளை எடுத்துவிட்டார்கள். நான் திரும்பிப் போகிற டிக்கெட், ஹோட்டல் ரசீது எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு நின்றேன். மெழுகுவத்தியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒத்திகை பார்த்து வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் வீண்.

இரண்டு நாள் கடைத்தெரு. மூன்றாம் நாள் விடியற்காலையில் காஞ்சனபுரிக்கு வேன் எடுத்தோம். வேனை ஓட்டியவரே வழிகாட்டியும். நிட் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், மெதுவாகத் தெளிவாக இங்கிலீஷ் பேசினார். அது எனக்குப் பெரிய ஆறுதல். மெழுகுவத்தியை ஐஸ் பையோடு ஒரு டிபன் பாக்ஸில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன்.

"அப்பா, அதுக்கு ஒரு விண்டோ சீட் குடுத்திருக்கலாம்" என்றாள் ஜெனி, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே.

ஜெனிக்குப் பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர மாட்டாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், செலின் கேட்டால் பதிலே வராது. காஞ்சனபுரி என்று போர்டு தெரிந்ததும் அவளே வாயைத் திறந்தாள்.

"இந்த ரயில்வே எங்க ஹிஸ்டரி புக்ல இருக்கு. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியன் சோல்ஜர்ஸ புடிச்சு வச்சு கட்டுனது."

"நம்ம ஆளுங்களும் உண்டும்மா. தாத்தாவோட அப்பாவும் இதுலதான் செத்துப்போனாரு."

காதில் இருந்ததைக் கழற்றினாள். "என்னது? அப்ப இந்த கேண்டில்?"

"அவருக்குத்தான்."

"நான் சர்ச் விஷயம்னு நெனச்சேன். ஏன்ப்பா சொல்லவே இல்ல?"

"பரீட்சை நேரத்துல எதுக்குன்னு..."

"பதினாறு வருஷமாவா எனக்குப் பரீட்சை?"

செலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தோளைப் பார்த்தால் தெரிந்தது. குழந்தையிடம் சாவைப் பற்றிப் பேசினால் பயந்துவிடும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அவள் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

4

முதலில் நிட் எங்களை ஊருக்குள் இருக்கிற போர்க் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார். அவ்வளவு சுத்தமான கல்லறைத் தோட்டத்தை நான் பார்த்ததில்லை. வெட்டின புல்லில் வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள், ஒவ்வொன்றிலும் பெயர், வயது. பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து. கல்லுக்குக் கல் நடுவே சின்னச் செடிகள். ஜெனி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனாள். நான் பின்னாலேயே போனேன். எங்கேயாவது ஒரு சவரிமுத்து, ஒரு முனியாண்டி, ஒரு ராமசாமி? ஒன்றும் இல்லை.

நிட்டிடம் கேட்டேன். இது பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் என்றார். "அவங்களுக்குள்ள பேர் எழுதி வச்சுக்கிட்டாங்க. எங்க புதைச்சோம்னு குறிச்சு வச்சாங்க. உங்க ஆளுங்களுக்கு அப்படி எழுத ஆள் இல்ல. எண்ணிக்கை அவங்கதான் அதிகம்னு சொல்வாங்க."

அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. அகலமான ஓலைத் தொப்பி போட்ட தோட்டக்காரம்மா ஒருத்தர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். செலின் ஒரு கல்லின் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாங்காக்கில் வாங்கின சாமந்திச் சரம் அந்தக் கல்லின் மேல். அவள் கையில் ஒரு கொத்துச் செடி, வேரோடு.

"என்னடி பண்ணின?"

"புல்லு மண்டிக் கெடந்துச்சுங்க. இருபத்தோரு வயசுப் புள்ள. இதுக்கு யாரு வந்து செதுக்கப் போறான்னு..."

அது புல் இல்லை. அவர்கள் வாங்கி வந்து வைத்து வளர்க்கிற செடி. கல்லறை என்றால் முதலில் கை புல்லுக்குத்தான் போகும், எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான். அபராதம், போலீஸ், நீல பாஸ்போர்ட் என்று என் மனது எங்கெங்கோ ஓடியது. நிட் தாய் மொழியில் ஏதோ விளக்கிச் சொன்னார். செலின் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிடுங்கின செடியை இரண்டு இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலையும் இரண்டு விரலையும் சேர்த்து வேரைப் பிடித்து, மண்ணில் அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். மன்னார்குடிப் பக்கம் வயலில் வளர்ந்தவள். நர்ஸ் வேலைக்குப் போய் இத்தனை வருஷமாகியும் கை மறக்கவில்லை.

தோட்டக்காரம்மா நின்று பார்த்தார். முகம் மாறியது. குனிந்து, கற்பனையாக ஒரு கையில் நாற்றுக்கட்டும் மறு கையில் நடவுமாகச் செய்து காட்டி, 'நீயுமா?' என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். செலின் தலையாட்டினாள். அந்தம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ' என்று நிமிர்வது போல நடித்தார். செலின் அதே மாதிரி நிமிர்ந்து காட்டினாள். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. மிச்சச் செடிகளை இரண்டு பேருமாகச் சேர்ந்து நட்டு முடித்தார்கள். சரத்தைக் கல்லிலேயே விட்டுவிடலாம் என்று அந்தம்மா சைகை காட்டினார். பையில் இன்னும் ஒரு சரம் இருந்தது.

"அம்மா ஒரு பாஷை பேசுனாங்களே, அது என்ன பாஷைப்பா?" என்றாள் ஜெனி.

அதன் பிறகு நிட் எங்களை ஒரு புத்தர் கோயில் வளாகத்துக்குக் கூட்டிப்போனார். பெயர் தெரியாத கூலிகளின் எலும்புகளைத் திரட்டி வைத்த நினைவிடம் அங்கே இருக்கிறது. செலின் இரண்டாவது சரத்தில் பாதியை அறுத்து அங்கே வைத்தாள். மூன்று பேரும் முழந்தாளிட்டு ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். ஜெனிக்குப் பாதிதான் நினைவிருந்தது, மீதிக்கு உதட்டை அசைத்தாள். அங்கேயே மெழுகுவத்தியை ஏற்றியிருக்கலாம். ஆனால் மலையும் இல்லை, ஆறும் இல்லை. கண்ட இடத்துல ஏத்தாத என்ற அப்பாவின் குரல் விடவில்லை.

வேனுக்குத் திரும்பி டிபன் பாக்ஸைத் திறந்தேன். கல்லறைத் தோட்டத்தில் இறங்கும்போது அதை சீட்டிலேயே விட்டிருக்கிறேன். கண்ணாடி எல்லாம் மூடின வேன், உச்சி வெயில். ஐஸ் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் சுட்டு, மெழுகுவத்தி கதிர் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. மூடின இடத்துச் சூட்டைப் பற்றி வாரா வாரம் யார்டில் வகுப்பெடுக்கிறவன் நான்.

"ஒடையல இல்ல, வளைஞ்சுதானே இருக்கு" என்றாள் செலின்.

ஜெனி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்ட ஆரம்பித்தாள்.

5

மலையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே, மரத்தூண்களில் நிற்கிற ஒரு ரயில் பாதைக்கு நிட் எங்களைக் கொண்டுபோனார். இறங்கினதும் சுற்றிலும் பார்த்தேன். இடது பக்கம் பாறை. வலது பக்கம் கீழே, காப்பி நிறத்தில் குவாய் ஆறு. நடுவில் தண்டவாளம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் ரயில்.

"இதுதான்" என்றேன் நிட்டிடம். அந்தப் பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் கையாலும் சொன்னேன். நிட் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித்தான் பதில் சொன்னார்.

"இந்த லைன் இங்கேருந்து பர்மா எல்லை வரைக்கும் ஆத்தை ஒட்டித்தான் போகுது. எங்கெங்கயோ இப்படித்தான் இருக்கும். நாள் கணக்கா நடக்கிற தூரம். இந்த அடையாளத்தை வச்சு ஒரு இடத்தைச் சொல்ல முடியாது."

ஜெனி உருட்டுவதை நிறுத்தினாள். அப்பா ஒரு வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்த அடையாளம், ஒரு இடத்தையும் காட்டாத அடையாளம். இதை எப்படி அவரிடம் சொல்வது?

சரி, இதுவும் அந்தப் பாதைதானே, இங்கேயே ஏற்றிவிடுவோம் என்று நானே மனதைத் தேற்றிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே போர்டு. மரப்பாலம், நெருப்புக்குத் தடை. சிகரெட் படத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, தீக்குச்சி படத்துக்குக் குறுக்கே ஒரு கோடு.

"ஒரு நிமிஷம்தானேப்பா, யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள் ஜெனி.

"எல்லாத் தீயும் ஒரு நிமிஷம்னுதான் ஆரம்பிக்குது. இந்த போர்டை நான் மதிக்கலைன்னா நாளைக்கு யார்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

பாதையின் முனையில் படிக்கட்டு இறங்கி ஆற்றோரம் போகிறது. அங்கே ஒரு தேங்காய்த் தண்ணீர்க் கடை. கடைப் பலகையின் மேல் வட்டவட்டமாக நறுக்கின வாழைத்தண்டு அடுக்கியிருந்தது. நிட் அதைக் காட்டினார். சில நாள் முன்புதான் பௌர்ணமியாம். இந்த ஊரில் நவம்பர்ப் பௌர்ணமிக்கு வாழைத்தண்டின் மேல் பூவும் மெழுகுவத்தியும் வைத்து ஆற்றில் விடுவார்களாம். "வேணும்னா இதுல வச்சு விடுங்க. யாரும் தடுக்க மாட்டாங்க" என்றார்.

எனக்கு உடனே அடுத்த கவலை. "செலின், இது அவங்க சடங்கு. சாமியாருக்குத் தெரிஞ்சா..."

"மெழுகுவத்தி நம்ம பெரிய சிலுவையில எரிஞ்சது. சாமியாரு மந்திரிச்சது. வாழைத்தண்டுக்கு என்னங்க மதம்? மொதல்ல மாமாவக் கேளுங்க."

ஜெனி தன் போனில் ஊருக்கு வீடியோ போட்டாள். முதலில் அக்கா முகம், பிறகு கூரை, பிறகு திரை முழுக்க அப்பாவின் காது.

"அப்பா, காதுல வைக்காதீங்க, மூஞ்சிக்கு நேரா புடிங்க" என்று அக்கா சொல்வது கேட்டது.

"மூஞ்சிக்கு நேரா புடிச்சா எப்படிடி கேக்கும்?"

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எந்த இடம் என்று தெரியவில்லை, பாதை முழுக்க இப்படித்தானாம், இங்கே நெருப்பு வைக்கக் கூடாதாம். திரையில் இன்னும் அப்பாவின் காது மட்டும் தெரிந்தது. அக்கா போனைத் திருப்பி வைத்தாள்.

"எடத்தக் காட்டு" என்றார்.

ஜெனி போனைச் சுழற்றிக் காட்டினாள். மலை. தூண்கள். தண்டவாளம். ஆறு.

"தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

ஜெனி நிட்டைக் கேட்டுவிட்டு, "பர்மா பக்கத்துலேருந்து வருது தாத்தா. லைன் அந்தப் பக்கம் மேல போகுது, தண்ணி இந்தப் பக்கம் கீழ வருது" என்றாள்.

"லைனு பூரா ஆத்தங்கரையோரமா?"

"பெரும்பாலும் அப்படித்தானாம், தாத்தா."

"அப்ப அவரு மேலதான் எங்கயோ இருந்தாருன்னு வையி, அந்தத் தண்ணி இங்க வந்துதானே ஆவணும்?" இதைக் கேட்டது பெரிய சிலுவையிடம் நிற்கிற மனிதர் இல்லை. வாய்க்கால் கரையில் நிற்கிற மனிதர். "கீழ எங்கயாவது இருந்தாருன்னா இங்கேருந்து போய்ச் சேரும். எப்படியும் இந்தத் தண்ணியத்தான் குடிச்சிருப்பாரு. தண்ணியிலயே விடு."

"அவங்க ஊருச் சடங்குப்பா அது."

"அவங்க ஊருலதானடா அவரு கெடக்குறாரு."

6

கடைக்காரம்மா நல்ல வட்டமான தண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு கேட்டும் காசு வாங்கவில்லை. செலின் மிச்சச் சாமந்தியை உதிர்த்து ஓரத்தில் குத்தினாள். ஜெனி மெழுகுவத்தியை நடுவில் ஊன்றினாள். கையின் சூட்டில் அது கிட்டத்தட்ட நேராகியிருந்தது, கிழவர்கள் நிமிர்ந்து நிற்பது போல ஒரு சின்ன வளைவு மட்டும் மிச்சம்.

நான் தண்டைச் சாய்த்துப் பார்த்தேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன், சுற்றிலும் சருகு இருக்கிறதா என்று பார்த்தேன். பழக்கம். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. கீழே முழுக்கத் தண்ணீர். இவ்வளவு வருஷத்தில் நான் அனுமதி கொடுத்ததிலேயே பத்திரமான ஹாட் ஒர்க் இதுதான்.

"நீங்க ஏத்துங்கப்பா" என்றாள் ஜெனி.

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதுக்குச் செலின் முந்தானையால் மறைத்தாள். திரி பிடித்துக்கொண்டது. ஊரில் அணைந்த இடத்திலிருந்தே எரிய ஆரம்பித்தது. இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி ஜெபத்தை நாங்கள் சொன்னோம். போனில் அப்பா அரை அடி பின்னால் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெனி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். செருப்பு வழுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவள் குனிந்து கையை விட்டாள். தண்டு ஒருமுறை சுற்றி, நிதானித்து, இழுப்பில் சேர்ந்துகொண்டது.

"எரியுதா?"

"எரியுது தாத்தா."

"எங்க போவுது?"

"நடு ஆத்துக்குப் போயிருச்சு. ஒரு படகு வருது... படகு தாண்டிருச்சு. ஆடுது. எரியுது."

வளைவு வரை பார்த்தோம். பகல் வெளிச்சத்தில் சுடர் சரியாகத் தெரியாது, மஞ்சள் பூவுக்கு மேல் ஒரு நடுக்கம் மட்டும். பிறகு வளைவில் மரங்கள் மறைத்துக்கொண்டன.

"அணைஞ்சிடுச்சா?" என்றார் அப்பா.

நானாக இருந்தால் அணைந்திருக்கலாம், கவிழ்ந்திருக்கலாம் என்று இழுத்திருப்பேன். ஜெனி சொன்னாள்: "வளைவுல திரும்புறப்ப எரிஞ்சுகிட்டுத்தான் இருந்துச்சு, தாத்தா. அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரியல."

"அது போதும்."

கொஞ்ச நேரம் திரையில் கூரைதான் தெரிந்தது. பிறகு அவர் எங்களிடம் பேசவில்லை, அக்காவிடம் பேசினார். எங்களுக்கும் கேட்டது.

"லூர்து, அடுத்த வருஷம் பெரிய சிலுவைக்கு வேணாம். அம்மா கல்லறையிலயே ரெண்டா ஏத்திருவோம். பக்கத்துப் பக்கத்துல."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப பெரிய சிலுவையில யாரு ஏத்துறது?" என்றாள் ஜெனி. "அவர்கூட நெறைய பேரு இருந்தாங்கல்ல, தாத்தா. அவங்களுக்கெல்லாம்?"

"நீ வந்து ஏத்து. எனக்கு அங்க வரைக்கும் நடந்து குனிய முடியல."

"ஓகே" என்றாள். கடையிலிருந்து ரொட்டி வாங்கி வரச் சொன்னால் சொல்கிற அதே ஓகே. அடுத்த நவம்பரில் அவளுக்குக் கல்லூரி லீவு இருக்குமா, அந்த நேரம் ஊரில் மழை, புயல், விமானம் ரத்தானால்? நான் ஆரம்பிப்பதற்குள் செலின் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"சாப்பிட்டீங்களா எல்லாரும்?" என்று கேட்டுவிட்டு அப்பா போனை வைத்தார். வைக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அவர் சட்டைப் பித்தான் தெரிந்தது. பிறகு அதுவும் போனது.

நிட் வேன் பக்கம் போனார். செலினும் கிளம்பத் திரும்பினாள். நான் நகரவில்லை.

"என்னங்க, போகலாமே?"

"அரை மணி நேரம்" என்றேன். "வேலை முடிஞ்ச பிறகு நிக்கணும்."

"எதுக்கு? நெருப்புதான் போயிருச்சே."

"நிக்கணும். விதி."

செலின் என்னைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள். ஜெனி ஈரக்காலோடு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே ஒரு ரயில் மெதுவாக மரப்பாலத்தில் ஊர்ந்து போனது. ஜன்னலில் இருந்தவர்கள் கையாட்டினார்கள், ஜெனியும் ஆட்டினாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருமா, வராதா என்று நிற்கும் பழைய நிற்பு இல்லை இது. வந்துவிட்டது, போய்க்கொண்டும் இருக்கிறது.

நேரத்தை ஜெனிதான் போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து, பாவாடையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, யார்டில் என் ஆட்கள் கொடுக்கிற மாதிரியே ஆற்றைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஆல் கிளியர், அப்பா."